ஏற மறுத்த லாரி

அத்தியாயம் 5

திருடன் கையில் டின் இருந்தது.

"பார்த்தீங்களா மேடம், பார்த்தீங்களா!" ரேடியோ முன் இருக்கையில் குதித்த குதியில் அந்தச் சின்னக் கார் இரண்டு தடவை தோப்புக்கரணம் போட்டது. "கையும் டின்னுமா மாட்டிக்கிட்டான். கேஸ் முடிஞ்சுது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போயிடலாம்."

"ஆடாம உக்காரு," என்றார் சர்வேயரம்மா. "கேஸ் முடியறதுக்கு முன்னாடி கார் முடிஞ்சுடும்."

சர்வேயரம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இருபத்திரண்டு வருடம் நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, இது நிஜ விபத்து, இது செட்டப் விபத்து என்று பிரித்துச் சொன்னவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பழைய பெயர் அவரை விடவில்லை. அவருடைய உதவியாளனுக்கு முப்பத்தைந்து வயது. அவனுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் நிறுத்தும் பொத்தான் இல்லாமல் பிறந்த வாய் என்பதால் ஊருக்கே அவன் ரேடியோ.

இருவரும் மரச்சாமான் கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி மனையில், முள்புதர் மறைவில் காரை நிறுத்திக் காத்திருந்தார்கள். எதிரே ஒரு நீல லாரி. மூக்கு நீண்ட டீசல் லாரி. கிளட்ச் கிடையாது, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகை. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அதன் பிழைப்பு. ஏணி போல் ஒல்லியாக வளர்ந்த அதன் டிரைவர், இப்போது பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இடமும் வலமும் பார்த்தபடி கையில் எண்ணெய் டின்னோடு நின்றிருந்தான்.

முதல் நாள் காலை பத்து மணிக்கு லாரியின் முதலாளி அலுவலகத்துக்கு வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை மடித்து, அதற்கென்று இருந்த உறையில் போட்டுக்கொண்டார்.

"இன்ஜின் ஆயில் திருட்டு," என்றார். "மூணு வாரமா. தினம் காலையில நானே அளவு பார்த்து ஊத்தறேன். சாயங்காலம் பார்த்தா குறைஞ்சிருக்கு. என் கையை விட்டா வண்டி என் பெண்டாட்டியோட தம்பி கையிலதான் இருக்கு. அதுவுமில்லாம அவன் ஓட்டற லட்சணத்துல கியர் வேற நழுவுது. மேட்டுல இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. பட்டறைக்காரர் பார்த்துட்டு, கியர் ஆயில் நிறைய இருக்கு, உள்ளே பிடிப்புத் தட்டெல்லாம் தேஞ்சு போச்சு, கியர் பாக்ஸையே மாத்தணும்னுட்டார். நாளன்னைக்குக் காலையில ரெண்டையும் கழட்டப் போறேன்."

"எந்த ரெண்டை?"

"கியர் பாக்ஸையும் என் மச்சானையும்."

அவர் படி இறங்கிப் போய் ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவர் மனைவி படியேறி வந்தார்.

"நான் வந்தது என் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது," என்றார் மூச்சு வாங்க. "என் தம்பி திருடலைன்னு நிரூபிச்சுக் கொடுங்க. நடுத்தெருவுல நின்னு திருடன்னு கத்தினார். அன்னைலேருந்து எட்டு நாளா நான் அவரோட பேசறதில்லை."

அந்த அம்மாள் போனதும் ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரே கேஸ், ரெண்டு கட்சி. நாம ஜெயிச்சாலும் தோப்போம், தோத்தாலும் ஜெயிப்போம். இந்த மாதிரி தொழிலை நான் பார்த்ததே இல்லை மேடம்."

இப்போது புதர் மறைவில் ரேடியோ கதவைத் திறக்கப் போனான். சர்வேயரம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பொறு. டின்னோட லாரிக்குப் போனப்ப அவன் எப்படி நடந்தான்?"

"திருடன் மாதிரி."

"ஒரு தோள் கீழே சரிஞ்சு நடந்தான். டின் கனம். இப்ப திரும்பி வர்றான், பாரு."

டிரைவர் பானெட்டை மூடிவிட்டு வந்துகொண்டிருந்தான். டின் அவன் சுண்டுவிரலில் தொங்கி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் பைபோல ஆடியது.

"திருடன் காலி டின்னோட போவான், நிறைஞ்ச டின்னோட வருவான்," என்றார் சர்வேயரம்மா. "இவன் நிறைஞ்ச டின்னோட போய்க் காலி டின்னோட வர்றான்."

ரேடியோ யோசித்தான். "தொழிலுக்குப் புதுசோ என்னவோ."

சர்வேயரம்மா காரை விட்டு இறங்கி நேரே நடந்தார். அவரைப் பார்த்ததும் டிரைவர் டின்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். முதுகு அவ்வளவு அகலம் இல்லை. டின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது.

"முழு டின்னையும் ஊத்திட்டியாப்பா?"

அவன் முகம் வெளுத்தது. "மேடம்... நீங்க யாருன்னு..."

"உன் மாமா அனுப்பினவங்க. உன் அக்கா அனுப்பினவங்களும் நாங்கதான்," என்றான் பின்னால் வந்த ரேடியோ. "உனக்கு யார் வேணுமோ அவங்க அனுப்பினதா நினைச்சுக்க."

அவ்வளவுதான். மூன்று வாரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. மதியம் அளவு பார்த்தால் இன்ஜின் ஆயில் குறைந்திருக்கிறது. சாயங்காலம் மாமா பார்த்தால் வீடு ரணகளமாகும். அதனால் அவனே தன் கைக்காசில் ஆயில் வாங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றிவிடுகிறான். அப்படியும் வீடு போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடுகிறது.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றான். "அது வேற சண்டைக்குப் போகும். இப்பவே ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அக்கா சுவரைப் பார்த்து 'சாப்பாடு ஆச்சு'ங்குது. மாமா அதே சுவரைப் பார்த்து 'வர்றேன்'ங்கறார். நடுவுல அந்தச் சுவர்தான் பாவம்."

சர்வேயரம்மா லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தார். இன்ஜினின் அடியில் கறுப்பு எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பிசுபிசுத்திருந்தது. "ஸ்டார்ட் பண்ணு," என்றார்.

லாரி ஒரு உறுமல் உறுமிற்று. புகைக்குழாயிலிருந்து நீலப் புகை சுருண்டு வந்தது.

"காலையில உன் மாமா ஊத்தறார். மதியம் நீ ஊத்தறே. அப்பவும் பசிக்குதுங்குது," என்றார் சர்வேயரம்மா. "ஆனா பசிச்ச இன்ஜின் நீலமாப் புகை விடாது. இது சாப்பிட்டுச் சாப்பிட்டு ஏப்பம் விடற புகை. சரி, அதை அப்புறம் பார்ப்போம். கியர் எப்ப நழுவுது?"

"மேட்டுல மேடம். இன்ஜின் ஊர் கூட்டற மாதிரி கத்தும். சக்கரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி வண்டி நிக்கும்."

"சமதளத்துல?"

"ஓடும்."

"இறக்கத்துல?"

"இறக்கத்துல பின்னாடி ஏத்தியிருக்கற கட்டில்கூட ஓடும் மேடம்," என்றான் ரேடியோ.

"திருப்பத்துல?"

டிரைவர் யோசித்தான். "ஒரு நொடி விட்டுட்டுப் பிடிக்கும். வண்டி சூடானா முரண்டு ஜாஸ்தி."

சர்வேயரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். விஷயம் கிட்டே வந்தால் அவர் செய்கிற வேலை அது. "உள்ளே தட்டு தேஞ்சிருந்தா மேடு பள்ளம் பார்க்காது. எல்லா இடத்துலயும் நழுவும். இது இடம் பார்த்து நழுவுது. லாரியில ஏறு ரேடியோ. மேட்டைப் பார்த்துட்டு வருவோம்."

அன்று அந்த லாரியில் ஒரு குடும்பத்தின் வீடு மொத்தமும் இருந்தது. மேட்டின் உச்சியில் இருக்கும் புது வீட்டுக்குப் போக வேண்டிய சாமான்கள். காலையிலேயே ஒரு முறை ஏறப் பார்த்து முடியாமல் திரும்பியிருந்தான் டிரைவர். அந்தப் புது வீட்டுக்காரர் போனில் நாலு முறை கூப்பிட்டிருந்தார். நாலாவது முறை 'எங்க அம்மா வெறும் தரையில உக்காந்திருக்காங்க' என்றாராம்.

டிரைவர் ஓட்ட, சர்வேயரம்மா ஜன்னல் ஓரம். நடுவில் ரேடியோ, கிடங்கு வாசல் கடையில் வாங்கிய பழரசக் குவளையோடு. குவளைக்கு மேலே மூடி, மூடியில் உறிஞ்சுகுழல்.

"வேலை நேரத்துல இது எதுக்கு?"

"தொண்டை காஞ்சா யோசனை வராது மேடம்."

சமதளத்தில் லாரி சமர்த்தாக ஓடியது. ரேடியோ முக்கால் குவளையைக் காலி செய்தான். மேடு தொடங்கியது. லாரி மூக்கை உயர்த்தியது. முதுகுப்பக்கம் அலமாரிகள் முனகின. பாதி மேடு ஏறியதும் இன்ஜின் திடீரென்று வீறிட்டது. சீறல்தான் வானத்துக்கு ஏறியதே தவிர, லாரி அப்படியே நின்றது.

அதே நொடியில் ரேடியோவின் உறிஞ்சுகுழலும் 'க்ர்ர்ர்ர்' என்று கத்தியது.

"சே," என்றான் ரேடியோ. "இருக்கறப்பவே இல்லைங்குது."

சர்வேயரம்மா சட்டென்று திரும்பினார். "என்ன சொன்னே?"

"ஜூஸ் இன்னும் இருக்கு மேடம். வண்டி சாஞ்சதுல ஒரு பக்கமா ஒதுங்கிடுச்சு. குழாய்க்கு எட்டலை. காத்துதான் வருது."

"பின்னாடியே எடு," என்றார் அவர் டிரைவரிடம். "மெதுவா இறக்கி, மேட்டடியில சமதளத்துல நிறுத்து. இன்ஜின் ஓடிட்டே இருக்கட்டும்."

லாரி நின்றதும் அவர் குவளையை வாங்கி டிரைவர் முன்னால் சாய்த்துக் காட்டினார். "உன் கியர் பாக்ஸுக்குள்ளயும் இப்படித்தான் ஒரு தொட்டி, ஒரு உறிஞ்சுகுழாய். அது எண்ணெயை உறிஞ்சி அழுத்தினாத்தான் கியர் பிடிக்கும். எண்ணெய் குறைஞ்சிருந்தா, மேட்டுல பின்னாடி ஒதுங்கிடும். குழாய் காத்தை உறிஞ்சும். காத்தை வெச்சு எதைப் பிடிக்கிறது? உன் கியருக்கு நோய் இல்லப்பா. பட்டினி."

டிரைவர் கண் விரிந்தது. அடுத்த நொடி முகம் தொங்கிப் போனது. "இல்லையே மேடம். கியர் ஆயில் நிறைய இருக்குன்னு பட்டறைக்காரர் சொன்னாரே. நானும் தினம் பார்க்கறேன்."

பானெட்டைத் திறந்தார்கள். உள்ளே ஓர் ஆபரேஷன் தியேட்டரின் சுத்தம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய குழாய்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி. ஒன்றுக்கு மஞ்சள் பிடி, மற்றதற்குச் சிவப்புப் பிடி. பானெட்டின் உட்புறத்தில் முத்து முத்தான கையெழுத்தில் பெயிண்டால் எழுதியிருந்தது: 'மஞ்சள் — இன்ஜின். சிவப்பு — கியர்.' அதற்குக் கீழே பொடியாக இன்னும் ஏதோ ஒரு வரி.

டிரைவர் சிவப்புப் பிடியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். சிவந்த எண்ணெய், மேல் கோடு வரை. கச்சிதம்.

"நிறைஞ்சிருக்கு," என்றான் பாவமாக.

சர்வேயரம்மா எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். "கருகல் வாசம் இல்லை. நல்லது." இன்ஜினை அணைக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்து மஞ்சள் பிடியை அவரே உருவினார். நுனியில் மட்டும் கறுப்பு எண்ணெய். கீழ்க் கோட்டைக்கூடத் தொடவில்லை.

"இப்பதானே ஒரு டின் ஊத்தினே?"

"சத்தியமா ஊத்தினேன் மேடம்!"

"நான் சாட்சி," என்றான் ரேடியோ. "திருடுறான்னு சந்தோஷப்பட்டுக்கிட்டே பார்த்தேன்."

சர்வேயரம்மா சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் வண்டி அவரிடம் பொய் சொன்னதில்லை. மனிதர்கள் சொல்வார்கள். வண்டி சொல்லாது. இன்றைக்கு இரண்டு குச்சிகளும் அவர் முகத்துக்கு நேரே சாதிக்கின்றன.

ரேடியோவால் அரை நிமிடத்துக்கு மேல் அமைதியைத் தாங்க முடியாது. "எனக்கு ஒண்ணும் புரியலை மேடம். பட்டினி கிடக்கறவன் வயிறு ரொம்பிருச்சுங்கறான். ரெண்டு பேர் கையால தின்னுட்டு ஏப்பம் விடறவன் பசிக்குதுங்கறான். லேபுல ரத்தம் கொடுத்தப்ப எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு. பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவோட ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டாங்க. அறுபது வயசுல அவர் கர்ப்பம்."

சர்வேயரம்மா கல்லை விட்டு எழுந்தார். மிகவும் மெதுவாக எழுந்தார்.

"ரேடியோ."

"மேடம், தமாஷுக்கு..."

"இன்னொரு தடவை சொல்லு. என்ன மாறிப் போச்சு?"

"ரிப்போர்ட்டு."

அவர் இரண்டு குச்சிகளையும் உருவி, துடைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். சிவப்புப் பிடிக் குச்சி மற்றதைவிட நாலு விரற்கடை நீளம். அதில் இரண்டே கோடுகள். மஞ்சள் பிடிக் குச்சி குட்டை. அதில் மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி, ஆக நாலு கோடுகள்.

"இன்ஜின் ஆயிலுக்கு ரெண்டு கோடு போதும்," என்றார். "கியர் ஆயில் சூட்டுல உப்பும். அதனால கியர் குச்சியில குளிருக்கு ஒரு ஜோடி, சூட்டுக்கு ஒரு ஜோடி போட்டிருப்பான். நாலு கோட்டுக் குச்சிக்கு இன்ஜின்ல என்ன வேலை?"

சாவியை எடுத்துச் சிவப்புப் பிடியின் நெற்றியைச் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது. அடியில், கம்பெனியிலேயே பொறித்த சின்னஞ்சிறு படம். எண்ணெய்க் கெண்டி. இன்ஜினின் அடையாளம்.

 

குட்டைக் குச்சியை அவர் கியர் குழாயில் விட்டு எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு மறுபடியும் விட்டு எடுத்தார். காய்ந்த எலும்பு மாதிரி வந்தது. நுனியில் ஒரு துளி ஈரம். நீளக் குச்சியை இன்ஜின் குழாயில் விட்டு எடுத்தார். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரல் உயரத்துக்குக் கறுப்பு எண்ணெய் வழிந்தது.

"நீளக் குச்சி கியர் தொட்டியில அடி வரைக்கும் போகுது. கொஞ்சூண்டு எண்ணெய் இருந்தாலே நிறைஞ்சிருக்குங்கும். குட்டைக் குச்சி இன்ஜின்ல எட்டவே எட்டாது. எவ்வளவு ஊத்தினாலும் பத்தலைங்கும். நீங்க ரெண்டு பேரும் போட்டி போட்டு ஊத்த, அதிகப்பட்டதை இன்ஜின் மூச்சுக்குழாய் வழியாத் துப்பியிருக்கு. மீதியை நீலமா எரிச்சிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா இன்ஜினும் கழண்டிருக்கும்."

அவர் குனிந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ரப்பர் குழாயின் மூட்டைத் தடவினார். விரலில் சிவப்பாக ஒட்டியது. "இதோ. துளித்துளியா கசிவு. பெரிய தப்பு இல்லை. உண்மையான குச்சி போட்டிருந்தா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்பே."

"அப்போ... நான் சரியாத்தான் ஓட்டினேனா?" என்றான் டிரைவர். "மாமா சொல்லிச் சொல்லி, ஒருவேளை என் கால்லதான் ஏதோ கோளாறோன்னு ராத்திரியெல்லாம் காலை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு இருந்தேன் மேடம்."

ரேடியோ முதல் முறையாகச் சிரிக்காமல் அவன் தோளில் தட்டினான். "உன் கால் நல்ல கால். சரி மேடம், குச்சியை மாத்தினது யாரு? போட்டி லாரிக்காரனா? பட்டறைக்காரனா? சொல்லுங்க, போய் ஒரு பிடி பிடிச்சுடறேன்."

சர்வேயரம்மா பானெட்டின் உட்புறம் பொடியாக எழுதியிருந்த கடைசி வரியை மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.  "வண்டியை வீட்டுக்கு விடு," என்றார்.

முதலாளியின் வீட்டு வாசலே ஒரு கண்காட்சி. வாளிக்குப் பச்சை பெயிண்ட், முக்காலிக்கு ஆரஞ்சு, தண்ணீர்க் குழாய்க்கு நீலம். சுத்தியலுக்கு மேலே சுவரில் 'சுத்தியல்' என்று எழுதியிருந்தது. பெயிண்ட் அடிக்காத பொருள் அநாதைப் பொருள் என்பது அவருடைய கொள்கை.

லாரி வந்ததும் அவர் வெளியே வந்தார். மனைவியும் வந்தார். வாசற்படியின் ஆளுக்கொரு ஓரத்தில் நின்றார்கள். நடுவில் மூன்றாவது ஆள் தாராளமாகப் படுக்கலாம்.

"பிடிச்சுட்டீங்களா?" என்றார் முதலாளி. சர்வேயரம்மாவின் பின்னால் நின்ற மச்சானை முறைத்தார்.

"பிடிச்சாச்சு."

மனைவி முகம் வாடியது. "சர்வேயரம்மா, நான் உங்களை நம்பி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

முதலாளி திரும்பினார். சுவரைப் பார்த்துக் கேட்டார். "இந்த அம்மாவை இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் இவங்களைத்தான் வெச்சேன்னு சொல்லு," என்றார் மனைவி அதே சுவரிடம்.

"சுவருக்கு ரெண்டு நிமிஷம் ஓய்வு கொடுங்க," என்றார் சர்வேயரம்மா. "ஐயா, ஆயில் திருட்டுப் போகலை. ஊத்தினது எல்லாம் இன்ஜினுக்குள்ளதான் போச்சு. கியர்ல தட்டு தேயலை. எண்ணெய் குறைவு. இன்ஜின் குச்சி கியர்லயும், கியர் குச்சி இன்ஜின்லயும் மாறிக் கிடந்திருக்கு. மூணு வாரமா எல்லாருக்கும் தப்புக் கணக்கு காட்டியிருக்கு."

முதலாளியின் முகம் சிவந்தது. "மாறிக் கிடந்துதா? தானா எப்படி மாறும்? யாரோ வேணும்னே மாத்தியிருக்கான்! எந்தப் படுபாவி? பேரைச் சொல்லுங்க, நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேக்கறேன்!"

"பேர் எழுதியே இருக்கு. எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். பானெட்டைத் திறந்து நீங்களே சத்தமாப் படிங்களேன்."

முதலாளி வேகமாகப் போய்ப் பானெட்டைத் தூக்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் குரலில் தன்னையறியாமல் ஒரு பெருமை ஏறியது.

"மஞ்சள் — இன்ஜின். சிவப்பு — கியர்." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு கம்பிகளையும் மண்ணெண்ணெய் விட்டுச் சுத்தமாகக் கழுவி, பிடிகளுக்குப் புது வர்ணம் பூசியது..."

குரல் தேய்ந்தது.

"மேலே படிங்க," என்றான் ரேடியோ உதவியாக. "பேர் வரியோட கடைசியில இருக்கு."

"...பூசியது, முதலாளி. தேதி..." தேதி சரியாக மூன்று வாரம் முந்தியது. ஆயில் திருட்டு ஆரம்பித்த அதே நாள்.

சர்வேயரம்மா சுரண்டிய சிவப்புப் பிடியை அவர் கையில் வைத்தார். எண்ணெய்க் கெண்டிப் படம் வெயிலில் பளிச்சென்று இருந்தது. "கழுவாம விட்டிருந்தா ஒண்ணுல கறுப்பும் இன்னொண்ணுல சிவப்பும் ஒட்டியிருக்கும். எது எதோடதுன்னு அந்த அழுக்கே சொல்லியிருக்கும். நீங்க சாட்சியைக் குளிப்பாட்டிட்டீங்க ஐயா."

முதலாளி பிடியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் கெண்டி கெண்டியாகவே இருந்தது. இஸ்திரி கலையாத சட்டையில் முதல் முறையாக ஒரு கறுப்பு விரல் தடம் விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

"உங்க மச்சான் தன் கைக்காசுல ஆயில் வாங்கி ஊத்தியிருக்கான்," என்றார் சர்வேயரம்மா. "உங்க வீட்டுல சண்டை வரக் கூடாதுன்னு."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

முதலாளி இரண்டு எட்டு நடந்து மச்சான் எதிரில் நின்றார்.  "உள்ளே வா," என்றார். "உள்ளே போய்ப் பேசிக்கலாம்."

"வேண்டாம் மாமா."

சத்தமில்லாமல்தான் சொன்னான். எல்லோருக்கும் கேட்டது.

"திருடன்னு நீங்க வீட்டுக்குள்ள சொல்லலை. தெருவுல சொன்னீங்க. அதுக்கப்புறம் நான் கடைக்குப் போனா, எதிர்வீட்டுத் தையல்காரர் வாசல்ல கிடக்கற செருப்பை உள்ளே எடுத்து வெச்சுக்கறார். நீங்க உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னாலும் அவருக்குக் கேக்காது."

 

முதலாளி தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் ஐந்தாறு பேர். ஒருவர் பேப்பரை மடக்கிவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி லாரியின் படியில் காலை வைத்து ஏறினார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார். முதல் தடவை குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கங்க! ஒன்பது நாளைக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு என் மச்சானைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடலை. எவனும் திருடலை. நான்தான் குச்சியை மாத்திச் செருகிட்டேன். தப்பு என்னோடது. அவன் நல்லவன்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "நல்லாவும் ஓட்டுவான்."

தையல் மிஷின் நின்றது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன குச்சி?" என்றார்.

"அது பெரிய கதை, இங்க வாங்க சொல்றேன்," என்று ரேடியோ உற்சாகமாகத் தெருவைக் கடந்தான்.

முதலாளி படியிலேயே நின்றார். எப்படி இறங்குவதென்று தெரியாதவர் போல.

"போதும், இறங்குங்க," என்றார் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். "சட்டையெல்லாம் ஆயில். கழட்டிக் கொடுங்க, ஊற வைக்கிறேன்."

பிறகு நடந்தது எல்லாம் வேலை. இன்ஜினின் அடி நட்டைத் தளர்த்தி மிகுதி எண்ணெயை இறக்கினார்கள். கசிந்த குழாய் இணைப்பை இறுக்கினார்கள். குட்டைக் குச்சியால் அளந்து அளந்து, கியர் குடித்த மட்டும் சிவப்பு எண்ணெய் விட்டார்கள். பட்டறைக்காரருக்கு முதலாளியே போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் கேட்டதற்கு, 'நேர்ல சொல்றேன்' என்று வைத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஒரு மன்னிப்புக்கு மேல் அவருக்கு முடியாது போலிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் லாரி மறுபடி மேட்டடிக்கு வந்தது. முதலாளி பனியனோடு மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சர்வேயரம்மாவும் ரேடியோவும் கிடங்கிலிருந்து எடுத்து வந்த சின்னக் காரில் பின்தொடர்ந்தார்கள். நீலப் புகை இல்லை. மேடு தொடங்கியது. லாரி மூக்கை உயர்த்தியது. பாதி மேட்டில் இன்ஜின் சுருதி ஒரு படி இறங்கியது. கியர் மாறியது. பிடித்தது. காலையில் நின்ற இடத்தைத் தாண்டி, வேகம் குறையாமல், ஒரு வீட்டின் மொத்தச் சாமானும் வானத்தை நோக்கிப் போயிற்று.

மேலே வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். அவர் அம்மா நிஜமாகவே வெறும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். முதலாளி ஒரு வார்த்தை பேசாமல் பின்கதவைத் திறந்தார். எல்லாவற்றிலும் பெரிய அலமாரியின் கீழ் முனையை அவர் பிடித்தார். மேல் முனையை மச்சான் பிடித்தான். குறுகிய படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஏழாவது படியில் அலமாரி ஒரு பக்கமாகச் சரிந்தது.

"மாமா, நழுவுது! கெட்டியாப் பிடிங்க!"

"பிடிச்சுக்கிட்டுத்தான்டா இருக்கேன்," என்றார் முதலாளி, மூச்சு வாங்க.